பிளைத்தின் இழுப்பறைகள்

டார்வினின் ‘உயிரினங்களின் தோற்றம்’ வெளிவந்து நூறாண்டு நிறைந்தது 1959இல். விழாப் பேச்சுகளுக்கு நடுவே அமெரிக்க மானிடவியலாளர் லோரன் ஐஸ்லி ஒரு வழக்கைத் தொடுத்தார். இயற்கைத் தேர்வு என்னும் கருத்தின் விதை டார்வினுடையதன்று. 1835இலும் அடுத்த இரண்டு ஆண்டுகளிலும் லண்டன் இதழொன்றில் எட்வர்ட் பிளைத் என்ற இளைஞர் எழுதிய கட்டுரைகளில் அது கிடந்தது. டார்வின் அங்கிருந்து எடுத்துக்கொண்டு, எடுத்த இடத்தைச் சொல்லாமல் விட்டார் என்பது குற்றச்சாட்டு. அன்றுமுதல் பிளைத்தின் பெயர் எங்கே அடிபட்டாலும் இந்த வழக்கின் வாதியாகவோ சாட்சியாகவோதான் அடிபடுகிறது. 1841 முதல் 1862 வரை கல்கத்தாவில் ஓர் அருங்காட்சியகத்தின் காப்பாட்சியராக இருந்து பறவைத் தோல்களோடும் பாலூட்டிகளின் மண்டையோடுகளோடும் அவர் மல்லுக்கட்டியதைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. அந்த 21 ஆண்டுகளைப் புறத்தே நிறுத்திவிட்டு வழக்குக்கே நியாயமான தீர்ப்புச் சொல்ல முடியாது என்பது என் எண்ணம்.

பிளைத் 1810 டிசம்பரில் லண்டனில் பிறந்தவர். பத்து வயதை ஒட்டித் தந்தையை இழந்தார். கொஞ்சம் வேதியியல் கற்று, கையிலிருந்த பணத்தைப் போட்டு டூட்டிங் பகுதியில் ஒரு மருந்துக்கடை வாங்கினார். முதலாளி பறவை பார்க்கப் போய்விட்டால் கடை எப்படி ஓடும்? நொடித்தது. ஆனால் எழுத்து ஓடியது. இயற்கை வரலாற்று இதழ்களில் தொடர்ந்து எழுதினார். 1836இல் கில்பர்ட் வைட்டின் செல்போர்ன் நூலுக்குக் குறிப்புகளோடு ஒரு பதிப்புக் கொண்டுவந்தார். கல்கத்தாவுக்குக் கிளம்பிய 1841ஆம் ஆண்டிலேயே, பாமீர் மேட்டுநிலத்தின் பெரிய காட்டுச் செம்மறியாட்டுக்கு மார்க்கோ போலோவின் நினைவாக ஓவிஸ் போலி என்று பெயரிட்டிருந்தார். முழு விலங்கை அவர் கண்டதில்லை. ஜான் வுட் என்ற அதிகாரி கொண்டுவந்த கொம்புகளே ஆதாரம். உயிரோடு ஓடுவதைக் காணாமல், ஓர் உறுப்பைக் கையில் வைத்துக்கொண்டு முழு விலங்கைப் பற்றி எழுதும் அந்தத் தொழில் அவரை அப்போதே பிடித்துவிட்டது.

உடல்நலம் கெட்டிருந்தது, வெப்ப நாட்டுக்குப் போகச் சொன்னார்கள் மருத்துவர்கள். வங்காள ஆசியவியல் சங்கம் தன் அருங்காட்சியகத்துக்குச் சம்பளம் வாங்கும் காப்பாட்சியர் ஒருவரைத் தேடிக்கொண்டிருந்தது. ஆண்டுக்கு 300 பவுண்டு அளவில் சம்பளம், வீட்டு வாடகைக்குச் சிறு படி. கப்பலேறுவதற்கே 100 பவுண்டு முன்பணம் வாங்க வேண்டியிருந்த மனிதருக்கு அது பெரிதாகத் தெரிந்திருக்கும். இருபது ஆண்டு கழித்தும் அதே சம்பளம்தான் வரும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

1784இல் தொடங்கிய சங்கம் அது. 1814இல் டென்மார்க் நாட்டுத் தாவரவியலாளர் நத்தானியேல் வாலிக்கின் முயற்சியால் அதன் அருங்காட்சியகம் உருவானது. சிலைகள், நாணயங்கள், கல்வெட்டுகள், பாறைகள், கிளிஞ்சல்கள், எலும்புகள் எல்லாம் பார்க் தெரு மாளிகையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. காப்பாட்சியர் அனைத்தையும் கவனிக்க வேண்டும். பிளைத்தோ பறவைகளையும் பாலூட்டிகளையும் கட்டிக்கொண்டு அழுதார். மற்ற துறைகளைப் புறக்கணிக்கிறார் என்று உறுப்பினர்கள் சிலர் புகார் சொன்னார்கள். புகாரில் உண்மை இருந்தது. அந்தப் புறக்கணிப்பு இல்லாமல் அவருடைய பட்டியல்கள் உருவாகியிருக்காது என்பதும் உண்மை.

அந்த மேசையில் நடந்த வேலையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். அருங்காட்சியகம் என்றதும் கண்ணாடிப் பெட்டிக்குள் வாயைப் பிளந்து நிற்கும் புலி நினைவுக்கு வரும். காட்சிக்காகப் பாடம் செய்த உடல் அது. ஆய்வுக்கு வேண்டிய தோல் வேறு வகை. வயிற்றுப் பக்கம் கீறி உடலை வெளியே எடுப்பார்கள். அலகும் மண்டையோட்டின் பெரும்பகுதியும் இறக்கை எலும்புகளும் கால்களும் தோலோடு நிற்கும். உட்புறம் ஆர்சனிக் கலந்த சோப்பைத் தடவி, பஞ்சு அடைத்து, கால்களைக் கட்டி, மல்லாக்கக் கிடத்தி உலர்த்துவார்கள். பார்க்க அழகாக இராது. அழகாக இருக்கத் தேவையுமில்லை. ஒரே இழுப்பறையில் இருபது முப்பது தோல்களை வரிசையாக அடுக்கி, முதுகையும் வயிற்றையும் அலகையும் ஒப்பிட முடிய வேண்டும், அவ்வளவே. ஆணா பெண்ணா என்பதைப் பல பறவைகளில் உடலைத் திறந்து பார்த்தால்தான் தெரியும்; அப்போதே குறிக்காவிட்டால் அந்தச் செய்தி போனதுதான். பாலூட்டிகளில் தோலைவிட மண்டையோடு முக்கியம். இரண்டு எலிகளின் மயிர் ஒரே நிறத்தில் இருக்கலாம், கடைவாய்ப் பற்கள் வேறு கதை சொல்லும். வால், பின்னங்கால், காது ஆகியவற்றின் நீளத்தைத் தோல் சுருங்குவதற்குள் அளந்துவிட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே, காலில் கட்டிய சீட்டு. எங்கே, எந்த நாளில், யார் பிடித்தது என்ற விவரம் அதில் இருக்கும். சீட்டு இல்லாத தோலை வைத்துத் தலையணைதான் செய்யலாம். பிளைத் காலத்தில் வந்து சேர்ந்த தோல்கள் பலவற்றில் ‘இந்தியா’ என்றோ ‘மலபார்’ என்றோ மட்டும் இருந்தது. கல்கத்தாவின் ஈரக்காற்றில் பூஞ்சை பிடித்தது. தோலுண்ணி வண்டுகள் ஆர்சனிக்கையும் மீறித் தின்றன. ஒப்பிட வேண்டிய பழைய மாதிரிகளோ லண்டனிலும் பாரிசிலும் லெய்டனிலும் இருந்தன. அச்சில் வந்த நாலு வரி வர்ணனையை நம்பி, இது புதியதா பழையதா என்று முடிவு செய்ய வேண்டும். அதனால் தவறுகள் நேர்ந்தன. ஒரே பறவைக்கு இரண்டு பெயர்கள் விழுந்தன. வேறொருவர் முன்பே பெயரிட்டதற்கு மறுபடி பெயர் சூட்டப்பட்டது. முதலில் முறையாக வெளியிட்ட பெயரே செல்லும் என்ற விதியை ஸ்டிரிக்லண்ட் தலைமையில் ஒரு குழு 1842இல்தான் எழுத்தில் கொண்டுவந்தது. விதி பிறந்த கையோடு யார் முந்தியவர் என்ற சண்டையும் பிறந்தது. நேபாளத்திலிருந்து மாதிரிகளை அனுப்பிக்கொண்டிருந்த ஹாட்ஜ்சனோடு பிளைத்துக்கு இப்படி உரசல்கள் உண்டு.

களத்துக்குப் போக அவருக்கு நேரமும் இல்லை, பணமும் இல்லை. களம் அவரிடம் வந்தது. அரக்கானிலிருந்து ஃபேர், மத்திய இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் டிக்கெல், சீனத்திலிருந்து ஸ்வின்ஹோ, இலங்கையிலிருந்து லேயார்டும் கெலார்டும், சென்னை மாகாணத்திலிருந்து ஜெர்டான் என எல்லாருடைய பெட்டிகளும் பார்க் தெருவில் இறங்கின. இவர்கள் ராணுவத்திலோ மருத்துவத்திலோ நிர்வாகத்திலோ வேலை பார்த்துக்கொண்டு ஓய்வில் சேகரித்தவர்கள். சொந்தத் தொழிலாகவே இதைச் செய்தவர் அந்த வட்டத்தில் ஏறக்குறைய பிளைத் ஒருவர்தான். பறவைகளின் பட்டியலை 1849ஆம் ஆண்டிட்டுக் கொண்டுவந்தார். பாலூட்டிகளின் பட்டியல் அவர் ஊர் திரும்பிய பிறகு 1863இல் வந்தது. ஜெர்டானின் ‘இந்தியப் பறவைகள்’ 1862 முதல் 1864 வரை வெளியாகி ஒரு தலைமுறைக்கே கைநூலானது. அதன் அடியில் பிளைத்தின் பட்டியல் அடித்தளமாகக் கிடப்பது, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிப்பவர்களுக்குத்தான் தெரியும்.

தமிழ் நிலங்களுக்கு அவர் விட்டுச்சென்றது சிறிதன்று. மார்கழி மாதத்தில் நம் வேலிப்புதரில் ‘சக், சக்’ என்று குரல் மட்டும் கொடுத்து முகம் காட்டாமல் திரியும் பழுப்பு நிறச் சிறுகுருவி ஒன்று உண்டு. வட ஆசியாவில் கூடு கட்டி, குளிருக்கு இங்கே வருவது. அதை 1849இல் விவரித்தவர் பிளைத். இன்று அது பிளைத் நாணல் கதிர்க்குருவி என்றே வழங்குகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மரப்பொந்துகளில் வாழ்ந்து, முதுகில் தட்டை முட்களும் வால் நுனியில் குஞ்சமும் கொண்டு, மிளகுக் கொடியில் பழம் தின்னும் கொறிணி ஒன்றை 1859இல் புதுப் பேரினமாகவே பிரித்துக் காட்டினார். அந்தப் பேரினத்தில் இன்றுவரை அது ஒன்றுதான் இருக்கிறது. இலங்கைக்கே உரிய செம்பழுப்புச் சிலம்பன், சாம்பல் தலைச் சிரிப்பான், மலைப்புதரில் பதுங்கும் கதிர்க்குருவி, லேயார்டின் பெயர் தாங்கிய மலை அணில் ஆகியவை அவர் எழுத்தில்தான் முதலில் அறிவியல் பெயர் பெற்றன.

பெயர்களைப் பார்த்துக்கொண்டே போனால் ஒன்று உறுத்துகிறது. இலங்கையின் சாம்பல்நீலக் கிளிக்கு லேயார்டின் மனைவியின் குடும்பப் பெயர்; மலைக்காட்டுப் புறாவுக்கு ஆளுநர் டோரிங்டனின் மனைவி பெயர். வலை விரித்தவர், கண்ணி வைத்தவர், இரவோடு இரவாகத் தோலை உரித்துப் பஞ்சடைத்தவர் யாரென்று சீட்டில் பெரும்பாலும் இல்லை. கல்கத்தாச் சந்தையில் பறவை விற்றவர்களிடமிருந்து எத்தனையோ மாதிரிகள் வந்தன. அவர்கள் பறவைக்கு வைத்திருந்த பெயர்கள் அடிக்குறிப்பில் நின்றன, அவர்கள் நிற்கவில்லை. இதைப் பிளைத்தின் தனிக் குற்றமாகச் சொல்ல முடியாது. அவரே வெள்ளைக் கனவான்களின் சபையில் கூலிக்காரராக நடத்தப்பட்டவர். ஆனால் அவரைப் புறக்கணிக்கப்பட்ட மேதை என்று எழுதுகிறவர்கள் அவருக்குக் கீழே இருந்தவர்களைப் பற்றி ஒரு வரி எழுதுவதில்லை.

இனி அந்த வழக்கு. 1835ஆம் ஆண்டுக் கட்டுரையில் விலங்குகளின் ‘வகைகளை’ அவர் தரம்பிரிக்கிறார்: தற்செயலாகத் தோன்றும் சிறு மாற்றங்கள், சூழலால் வருபவை, மனிதன் வளர்த்தெடுத்த இனங்கள், உண்மையான வகைகள். வலுவான ஆண் துணையைப் பெறுகிறது, மறைவு நிறம் உள்ளது தப்பிக்கிறது, பிறழ்ந்தது அழிகிறது என்ற சிந்தனை அங்கே தெளிவாகவே இருக்கிறது. ஐஸ்லி காட்டிய ஒற்றுமைகள் பொய்யல்ல. ஆனால் பிளைத் அதிலிருந்து எடுத்த முடிவைப் பாருங்கள். பிறழ்ந்தவை அழிவதால் ஒவ்வோர் இனமும் தான் படைக்கப்பட்ட அச்சிலிருந்து விலகாமல் நிற்கிறது என்கிறார். அவரிடம் தேர்வு என்பது வாயிற்காவலன். புதியதை உள்ளே விடாது. டார்வினிடம் அதுவே புதியதைக் கட்டும் கொத்தன். அழிப்பதை மட்டும் செய்யும் தேர்வு அக்கால இயற்கை இறையியல் படித்த எவருக்கும் தெரிந்த கருத்துதான் என்பதை பரிணாம உயிரியலாளர்கள் எர்ன்ஸ்ட் மாயரும் ஸ்டீவன் ஜே கூல்டும் எடுத்துக்காட்டினார்கள். டார்வின் பிளைத்தை மறைக்கவுமில்லை. ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலின் முதல் அத்தியாயத்திலேயே, ஏறக்குறைய வேறு எவருடைய கருத்தையும்விட மதிக்கத்தக்கது என்ற தொனியில் அவரை மேற்கோள் காட்டுகிறார். 1868இல் வந்த வளர்ப்பு விலங்குகள் பற்றிய நூலில் பிளைத்தின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. திருடியவன் திருட்டுக் கொடுத்தவனை இவ்வளவு முறை அழைத்து விருந்து வைப்பதில்லை.

ஆனால் வழக்கைத் தள்ளுபடி செய்தவர்களும் 1837உடன் நின்றுவிட்டார்கள். அதற்குப் பிறகு பிளைத் மாறினாரா? மாறினார் என்றே எனக்குப் படுகிறது, மாற்றியது இழுப்பறை. பனங்காடையை எடுத்துக்கொள்வோம். இந்தியத் தீபகற்பத்தின் பனங்காடை நெஞ்சு பழுப்போடியது. பர்மாப் பக்கத்தது கருமையும் ஊதாவும் ஏறியது. ஒவ்வொன்றிலும் ஒரு தோல் இருந்தால் இரண்டு தனி இனங்கள் என்று எழுதிவிட்டுப் போகலாம். இரண்டும் சந்திக்கும் பகுதிகளின் தோல்களையும் சேர்த்துப் பரப்பினால் ஒன்றிலிருந்து மற்றதற்குப் படிப்படியாக இறங்கும் வரிசை கிடைக்கிறது. எங்கே கோடு கிழிப்பது? அரக்கானின் காட்டுக்கோழி உறவான காலிஜ் கோழிகளிலும் பச்சைப்புறாக்களிலும் இதே சிக்கலை அவர் கண்டார். இரண்டு இனங்கள் கலந்து பெருகுவதாக விளக்கினார். டார்வினுக்கு எழுதிய கடிதங்களில் இவற்றை விவரமாகக் கொடுத்தார். அச்சு அசையாது என்று எழுதிய 24 வயது இளைஞரின் கையில் இப்படி ஒரு தோல் வரிசை இருந்ததில்லை.

1855 டிசம்பரில் அவர் டார்வினுக்கு எழுதிய கடிதம் இங்கே முக்கியம். அவ்வாண்டு செப்டம்பரில் இயற்கையியலாளர் ஆல்ஃப்ரெட் வாலஸ் சரவாக்கிலிருந்து எழுதிய கட்டுரை வெளியாகியிருந்தது. ஒவ்வொரு புதிய இனமும் தனக்கு நெருங்கிய ஏற்கெனவே இருக்கும் இனத்தின் காலத்தையும் இடத்தையும் ஒட்டியே தோன்றுகிறது என்பது அதன் சாரம். லண்டனில் அதைப் பொருட்படுத்தியவர்கள் குறைவு. கல்கத்தாவில் உட்கார்ந்திருந்த பிளைத், படித்தீர்களா, விஷயத்தை நன்றாகவே வைத்திருக்கிறார் என்ற வகையில் டார்வினை உசுப்பினார். அந்தக் கோட்பாட்டின்படி பார்த்தால் வளர்ப்பு இனங்களும் தனி இனங்களாக வளர்ந்துவிட்டவையே என்றும் சேர்த்தார். மருந்துக்கடை நொடித்த காலத்துப் பிளைத் இப்படி எழுதியிருக்கமாட்டார். கோட்பாட்டை அவர் கண்டுபிடிக்கவில்லை. வேறொருவர் கண்டுபிடிக்கும் தறுவாயில் அதை உடனே அடையாளம் காணும் கண்ணை 14 ஆண்டுக் காப்பாட்சியர் வேலை அவருக்குக் கொடுத்திருந்தது. முன்னோடி யார் என்ற போட்டியைவிட இது சுவையான செய்தி என்பேன்.

கடைசி ஆண்டுகள் நல்லவையல்ல. 1854இல் மணந்த மனைவி 1857 டிசம்பரில் இறந்தார். கல்கத்தாவுக்கும் லண்டனுக்கும் இடையில் உயிருள்ள விலங்குகளை வாங்கி விற்கலாம் என்று திட்டம் போட்டு, டார்வினையும் பறவையியலாளர் ஜான் கூல்டையும்கூட இழுக்கப் பார்த்தார், எதுவும் நடக்கவில்லை. உடலும் மனமும் தளர்ந்து 1862இல் ஊர் திரும்பினார். சங்கத்தின் வேண்டுகோளுக்குப் பிறகு ஒரு சிறு ஓய்வூதியம் கிடைத்தது. 1873 டிசம்பரில் இறந்தார். பர்மாவின் பாலூட்டிகள், பறவைகள் பற்றிய அவருடைய பட்டியல் 1875இல் அச்சேறியது.

அவர் சேர்த்தவை 1866ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உருவான இந்திய அருங்காட்சியகத்துக்குப் போயின. 1916இல் அதன் விலங்கியல் பிரிவிலிருந்து இந்திய விலங்கியல் ஆய்வகம் பிறந்தது. இரண்டாம் உலகப்போரின்போது பாதுகாப்புக்காகச் சேகரிப்பை வாரணாசிக்குக் கொண்டுபோனார்கள். 1943இல் வருணா ஆற்றின் வெள்ளம் அங்கே புகுந்தது. குண்டுக்குப் பயந்து ஓடி நீரில் நனைந்த மாதிரிகளில் எதெல்லாம் போயிற்று என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது. ஏனென்றால் ஒரு பெயர் எந்த உடலுக்குச் சூட்டப்பட்டதோ அந்த வகைமாதிரி அழிந்துவிட்டால், பின்னால் வரும் ஐயத்தைத் தீர்க்க மூலப்பத்திரம் இல்லை.

இத்தனை பழைய தோல்கள் இன்று எதற்கு என்று கேட்பவர்களுக்கு, பிளைத்தின் பெயர் தாங்கிய அதே கதிர்க்குருவியை ஒட்டிய சம்பவம் ஒன்றைச் சொல்லலாம். 1867இல் சட்லெஜ் பள்ளத்தாக்கில் பறவையியலாளர் ஆலன் ஹியூம் ஒரு பறவையைச் சேகரித்தார். அலகு சற்றே பெரிது. தனி இனமா, உருத்திரிந்த ஒரு பறவையா என்ற கேள்வி 130 ஆண்டுக்கு மேல் அந்த ஒற்றைத் தோலைச் சுற்றி நின்றது. 2002இல் அதிலிருந்து எடுத்த மரபணு, தனி இனமே என்றது. 2006 மார்ச்சில் தாய்லாந்தில் வலையில் ஒன்று உயிரோடு சிக்கியது. அதன் பிறகு இங்கிலாந்தின் டிரிங் அருங்காட்சியகத்தில் பிளைத் நாணல் கதிர்க்குருவிகளின் இழுப்பறையைக் கிளறியபோது, 1869இல் இந்தியாவில் எடுத்த இன்னொன்று தவறான பெயரோடு படுத்திருப்பது தெரிந்தது. ஆப்கானிஸ்தானின் வாக்கான் பகுதியில் அவை கூடு கட்டுவது பிறகு உறுதியானது.

பாறுகளின், அதாவது பிணந்தின்னிக் கழுகுகளின், கதை இதைவிட அவசரமானது. நீண்ட அலகுள்ள பாறு ஒரே இனம் என்று எண்ணிக்கொண்டிருந்ததைத் தோல்களையும் எலும்புகளையும் ஒப்பிட்டு 2001இல் இரண்டாகப் பிரித்தார்கள் பமேலா ராஸ்முசெனும் ஸ்டீபன் பாரியும். ஒன்று மாயாறு பள்ளத்தாக்கில் நாம் காணும் கருங்கழுத்துப் பாறு. மற்றது இமய அடிவாரத்தது. மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபெனாக் மருந்தே பாறுகளைக் கொல்கிறது என்று 2004இல் தெரிந்து, 2006இல் இந்தியா அதைக் கால்நடைகளுக்குத் தடை செய்தது. எத்தனை இனங்களைக் காப்பாற்றப் போகிறோம் என்ற கணக்கு அதற்கு முன்பே இழுப்பறையில் தெளிவாகியிருந்தது. பிளைத்தின் தீர்ப்புகளில் ஒன்றும் பின்னாளில் திருத்தம் பெற்றது. வீட்டுக்கோழி முழுவதும் சிவப்புக் காட்டுக்கோழியின் வழியே வந்தது என்பதற்கு டார்வின் அவரையும் துணைக்கு அழைத்தார். பெரும்பாலும் சரி. ஆனால் பல வளர்ப்புக் கோழிகளின் மஞ்சள் தோலுக்கான மரபணு, நம் மலைக்காடுகளின் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008இல் கண்டார்கள்.

பிளைத் 1848இல் விவரித்த பறவைகளில் ஒன்று, ஜெர்டான் கிழக்குத் தொடர்ச்சி மலைப் பகுதியிலிருந்து அனுப்பியது. முட்புதர்க் காட்டில் இரவில் நடமாடி இரை தேடும், நெஞ்சில் இரட்டைப் பட்டை கொண்ட தரைப்பறவை. ஜெர்டான் கோர்சர் என்பார்கள். 1900க்குப் பிறகு அதை யாரும் காணவில்லை, அற்றுப்போனதாகவே எழுதினார்கள். 1986 ஜனவரியில் கடப்பா மாவட்டத்தில், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் தேடலில் உதவிய ஐதன்னா என்ற உள்ளூர் வேட்டைக்காரர் அதைக் கையால் பிடித்துக் கொடுத்தார். இம்முறை பிடித்தவரின் பெயர் பதிவில் இருக்கிறது. கூடும் முட்டையும் மட்டும் எவருக்கும் கிடைக்கவில்லை. ஸ்காட்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழக விலங்கியல் அருங்காட்சியகத்தில், கோலார் தங்கவயலில் வேலை பார்த்த கால்நடை மருத்துவர் ஒருவர் 1917இல் சேகரித்த முட்டைகளுக்குள் இந்தப் பெயர் எழுதிய ஒன்று இருந்தது. பெயர் சரிதானா? முட்டையிலிருந்து எடுத்த மரபணுவை டிரிங்கில் உள்ள பழைய தோலின் கால்விரலிலிருந்து சுரண்டியதோடு ஒப்பிட்டார்கள். பொருந்தியது. இந்த இனத்துக்கு உலகில் இதுவரை அறியப்பட்ட ஒரே முட்டை அதுதான்.